இரண்டு விரல்

சாணி, சீழ், அழுகிய நஞ்சுக்கொடி. இவற்றில் எதுவும் பிரிசில்லாவுக்குக் குமட்டலைத் தந்ததில்லை. பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டு, செத்து ஊதிப்போன கன்றைத் துண்டுதுண்டாக எடுத்துப் போட்டுவிட்டு, குழாயடியில் கை கழுவி, அங்கேயே நின்று தயிர்சோறு தின்றிருக்கிறாள். அவளுக்குக் குமட்டியது ஒரு வீடியோவைப் பார்த்தபோது. அதில் சாணியோ ரத்தமோ இல்லை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பின்னால் பாட்டு ஓடியது.

அவள் பிறந்தது கடலூர் முதுநகரில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா சௌந்தரம் பள்ளிக்கூடத்தில் ஆயா. அந்தத் தெருவிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவள் பிரிசில்லா. கால்நடை மருத்துவம் கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது சர்ச்சில் ஒருவர் விடாமல், “மனுச டாக்டருக்குக் கெடைக்கலியா?” என்று கேட்டார்கள். அம்மா மட்டும், “மாடு ஒன்னும் திருப்பிக் கேக்காது, போ” என்றாள்.

மாடு கேட்கவில்லை. மாட்டுக்காரர்கள் கேட்டார்கள். சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்தில் அவளுடைய மருந்தகம் இருக்கிறது. சுற்றியுள்ள எந்த ஊருக்குப் போனாலும், ஊசி போட்டு முடித்ததும் அந்தப் பேச்சு வரும். டாக்டரம்மாவுக்கு எந்த ஊரு? கடலூர் என்பாள். கடலூர்ல எங்க? முதுநகர். முதுநகர்ல எந்தப் பக்கம்? தெருவின் பெயரைச் சொன்னதும் கேள்வி நின்றுவிடும். சில வீடுகளில் அதன் பிறகு அடுப்பில் வைத்த காபி வெளியே வராது. பால் திரிந்துபோய்விட்டது என்பார்கள். வாசலில் அப்போதுதான் கறந்த மாடு நின்றுகொண்டிருக்கும்.

முதலில் முதுநகர் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில்தான் போய்வந்தாள். ஒரு மழைக்காலத்தில் வாய்க்கால் கரையில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. மாடு பார்க்கிறவளுக்கு மணிக்கட்டுதான் எல்லாம். கப்பலில் வேலை பார்க்கும் கணவர் போனில் சத்தம் போட்ட பிறகு, அண்ணாகிராமத்து முந்திரி வியாபாரி ஒருவரிடம் பழைய ‘தார்’ ஜீப் ஒன்றை வாங்கினாள். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. தோப்புகளில் கொட்டை மூட்டை ஏற்றியது. முந்திரித்தோல் எண்ணெயின் காந்தல் நெடி சீட்டுக்குள் ஏறியிருந்தது. எத்தனை முறை கழுவியும் போகவில்லை. அதோடு மருந்து நெடியும் சேர்ந்துகொண்டது.

வண்டி வாங்கிய புதிதில் ஒரு காலை, காரைக்காட்டைத் தாண்டி, ரசாயன ஆலைகளின் நெடிக்கு மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். எதிரே வந்த ஜீப் ஒன்று முகப்பு விளக்கை ஒருமுறை சிமிட்டியது. ஓட்டியவன், உள்ளங்கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் உயர்த்தினான். யாரோ தெரிந்தவன் என்று நினைத்தாள். ஆலப்பாக்கத்தில் மருந்தக உதவியாளர் கண்ணாயிரம் ஏறிக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் இன்னொரு ஜீப். அதே விளக்கு, அதே இரண்டு விரல்.

“யாருங்க மேடம் அவுரு?”

“தெரியலியே.”

“தெரியாதவன் எதுக்கு வெரலத் தூக்குறான்? டயர்ல காத்து எறங்கிப்போச்சா?”

புதுச்சத்திரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி நான்கு டயரையும் உதைத்துப் பார்த்தார்.

விஷயத்தை அங்கே டீக்கடையில் செந்தமிழ்செல்வன் சொன்னான். சிதம்பரத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவன். அவனுடைய ஜீப்புக்கு இடுப்பு உயரத்துக்கு டயர். முன்னால், மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கக் கம்பிவடம் சுற்றிய வின்ச். பின்னால் ஏணி. பக்கவாட்டில் பட்டை போட்டுக் கட்டிய மண்வெட்டி. மண்வெட்டியின் இலையில் கடைக்காரன் ஒட்டிய காகிதம் கிழியாமல் இருந்தது.

“ஜீப்புன்னா ஜீப்புதான் மேடம். பழசு, புதுசு கெடையாது. நம்ம ஆளுன்னா ரெண்டு வெரலு. பானட்டத் தொறந்து போட்டு ஒரு வண்டி நின்னுச்சின்னா, எந்த அவசரமா இருந்தாலும் நிறுத்தியாவணும். அதான் ரூலு. வேற ஒன்னுமே கேக்க மாட்டோம்.”

‘நம்ம ஆளு’ என்ற சொல்லை அதுவரை அவள் வேறு விதமாகத்தான் கேட்டிருந்தாள். அடுத்தவனை வெளியே நிறுத்துவதற்காக. இங்கே வண்டி போதும் போலிருந்தது. வேறு ஒன்றும் கேட்க மாட்டார்களாம்.

‘கொள்ளிடம் முதலைகள்’ என்ற அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தாள். வாயைப் பிளந்த முதலை ஸ்டிக்கர் ஒன்றைக் கொடுத்தார்கள். முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டாள். தினமும் போகிற சாலை மாறிப்போனது. எதிரே சதுர முகமுள்ள வண்டி ஒன்று தூரத்தில் தெரிந்ததும் விரல்கள் தயாராகிவிடும். யார் முதலில் தூக்குவது என்று அவளுக்குள் ஒரு போட்டி. கண்ணாயிரமும் தூக்க ஆரம்பித்தார்.

“வண்டி ஓட்டுறவங்கதான் தூக்கணும் கண்ணாயிரம்.”

“ஒக்காந்து வர்றவனுக்கு வெரலு இல்லையா?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேற்று ஓட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போனாள். யாருடையதோ தெரியாத தாழ்ந்த நிலத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிச் சுழன்றன. முடிந்ததும் டயர் தடங்களுக்கு நடுவே இளம்பச்சையாகப் பிய்ந்து கிடந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நாற்று. “இது நாத்தங்கால் சார்” என்றாள். “புல்லுதான் மேடம்” என்றான் செந்தமிழ்செல்வன். மற்றவர்கள் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் ஒன்று வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தொட்ட வெங்காயப் பச்சடியிலேயே கைவிட்டுச் சாப்பிட்டார்கள். நாற்றைப் பற்றி அதற்குமேல் அவள் பேசவில்லை.

கார்த்திகை மழை விட்ட ஒரு ஞாயிறு காலை ரத்தினம்மாள் போன் செய்தாள். உப்பங்கழியை ஒட்டிய வயல்களுக்கு நடுவே தனி வீடு. ஒரே ஒரு செவலை மாடு. மூன்று முறை சினை ஊசி போட்டும் தங்கவில்லை. நான்காவது முறை தங்கியது. நான்கு முறையும் ஊசி போட்டது பிரிசில்லாதான். எந்தப் பக்கம் என்று கேட்காத வீடுகளில் அது ஒன்று.

“டாக்டரம்மா, தண்ணிக்கொடம் ஒடைஞ்சு ரொம்ப நேரமாவுது. ஒரு காலு மட்டும் வெளிய நீட்டிக்கினு இருக்குது. தலையக் காணும்.”

“கொளம்புக்கு மேல கிள்ளிப் பாருங்க. கால இழுத்துக்குதா?”

கொஞ்ச நேரம் மாட்டின் முனகல் மட்டும் கேட்டது.

“இழுத்துக்குது, இழுத்துக்குது.”

“அப்ப கன்னு உசுரோட இருக்குது. யாரும் புடிச்சி இழுக்காதீங்க. வந்துடறேன்.”

வழியில் கண்ணாயிரத்தை ஏற்றிக்கொண்டாள். வாய்க்கால் கரை ஒரு வண்டி அகலம்தான். மழையில் உடைந்த இடத்தில் களிமண்ணைக் கொட்டி மூடியிருந்தார்கள். முன்சக்கரம் அதில் இறங்கியது. பிறகு பின்சக்கரம். வண்டியின் அடிவயிறு சேற்றில் உட்கார்ந்துகொண்டது. நான்கு சக்கரமும் வெறுமனே சுற்றின.

கண்ணாயிரம் இறங்கினார். “பொட்டிய எடுங்க, நடந்துருவோம். அதோ, ரெட்டத் தென்ன தெரியுது பாருங்க. அதான் வூடு.”

அவள் பார்த்தாள். முழங்கால் சேறு. பெட்டி கனம். குழு அன்று பிச்சாவரத்துப் பக்கம் ஓட்டம் வைத்திருந்தது அவளுக்குத் தெரியும். கூப்பிடு தூரம். எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் பானட்டைத் திறந்து வைத்தாள். ரூல். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, ‘கன்று ஈனும் மாடு, அவசரம்’ என்று எழுதிக் குழுவில் போட்டாள். உடனே பதில்கள் வந்தன. எல்லாம் இரண்டு விரல் படம்.

“வந்துருவாங்க.”

“வந்து?”

“இழுத்து வுட்டுருவாங்க. நடக்கறதவிட சீக்கிரம் போயிரலாம்.”

கண்ணாயிரம் கரையில் உட்கார்ந்தார்.

வந்தார்கள். அவள் நினைத்ததைவிட வேகமாகவே வந்தார்கள். கொடி, பாட்டு, விசில். வரிசையாக ஜீப்புகள் கரையில் ஏறின. அவள் மாட்டைப் பற்றிச் சொன்னாள். “கவலையே வுடுங்க மேடம். எறங்குங்க. ஸ்டியரிங்க நம்மகிட்ட குடுங்க” என்று செந்தமிழ்செல்வன் அவள் இடத்தில் ஏறி உட்கார்ந்தான். பின்னால் நின்ற ஜீப்பின் வடத்தை மாட்டி வின்ச்சை ஓட்டினார்கள். வண்டி உறிஞ்சும் சத்தத்தோடு சேற்றை விட்டுப் பின்னுக்கு வந்து கெட்டிமண்ணில் நின்றது. பலகைகளைப் போட்டுக் குழியைத் தாண்டவைத்தால் முடிந்தது. பலகைகளை இறக்கத் தொடங்கியிருந்தார்கள். பிரிசில்லாவுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கச் சிரித்தாள்.

அப்போதுதான் ட்ரோன் பறக்கவிட்டுக்கொண்டிருந்த அருள்முருகன் சொன்னான்.

“மச்சான், கார்டு போடல.”

“என்னாது?”

“மெமரி கார்டு வண்டியிலயே கெடக்குது மச்சான். ஒன்னுமே பதிவாவல.”

எல்லோரும் ட்ரோனைப் பார்த்தார்கள். பாட்டைக்கூட யாரோ நிறுத்தினார்கள். பலகை தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள். இழவு வீட்டில்கூட அப்படி ஓர் அமைதியை அவள் பார்த்ததில்லை.

“சரி வுடு. கார்டப் போடு” என்றான் செந்தமிழ்செல்வன். “இன்னொரு டேக் போயிரலாம்.”

அவளுக்குப் புரியவில்லை. அவன் முதல் கியரைப் போட்டு, அவளுடைய வண்டியை அதே குழியை நோக்கி விட்டபோதுதான் புரிந்தது. மறுபடி பாட்டு தொடங்கியது. “சார், நிறுத்துங்க! நிறுத்துங்க!” இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு அவள் பக்கவாட்டில் ஓடினாள். அவன் பார்த்தான். முகம் மலர்ந்தது. உள்ளங்கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் இரண்டு விரலைத் தூக்கினான்.

முன்னதைவிட ஆழமாக விழுந்தது வண்டி. வாய்க்கால் பக்கம் சாய்ந்தது. சேறு ஆள் உயரத்துக்குத் தெறித்தது. விசிலடித்தார்கள்.

பெட்டி வண்டிக்குள் இருந்தது. அவள் சாய்ந்த பக்கமாக ஏறிப் பின்சீட்டுக்கடியில் கையை விட்டாள்.

“மேடம், இப்ப ஏறாதீங்க, வெயிட் மாறிடும்” என்றான் ஒருவன். “ஃப்ரேம்ல வேற வர்றீங்க.”

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள். கண்ணாயிரம் கயிற்றுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தார். பின்னாலிருந்து அருள்முருகனின் குரல் கேட்டது. “மேடம், எங்க போறீங்க? வண்டி வெளிய வந்ததும் நீங்க ஓடியாந்து கை குடுக்கற மாதிரி ஒரு ஷாட்டு இருக்குது.”

ரத்தினம்மாள் மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாடு படுத்துவிட்டிருந்தது. வெளியே நீட்டியிருந்த சின்னக் கால் காய்ந்து தூசி படிந்திருந்தது. பிரிசில்லா குளம்புக்கு மேலே கிள்ளினாள். கையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டு உள்ளே விட்டாள். தலை விலாப்பக்கம் மடங்கிக் கிடந்தது. தடவித் தடவி வாயைக் கண்டுபிடித்து இரண்டு விரலை உள்ளே வைத்தாள். உயிருள்ள கன்று விரலைச் சப்பும். வாய் இன்னும் சூடாக இருந்தது. அவள் விரலை எடுக்காமல் காத்திருந்தாள். மாடு ஒருமுறை முக்கி ஓய்ந்தது. காத்திருந்தாள்.

“என்னம்மா?” என்றாள் ரத்தினம்மாள்.

பிறகு தலையைத் திருப்பி, கயிறு மாட்டி, கண்ணாயிரமும் அவளும் காலை ஊன்றி இழுத்தார்கள். செவலை நிறம். நெற்றியில் வெள்ளை. ரத்தினம்மாள் பின்காலைத் தூக்கிப் பார்த்தாள்.

“கெடேரி” என்றாள். கொஞ்சம் கழித்து, “போன்ல நீங்க கேட்டப்ப கூட இழுத்துக்கினுதான் இருந்துச்சும்மா. அப்பறமும் ஒதைச்சுது. அங்க ஏதோ பாட்டுச் சத்தம் கேட்டுச்சே, அது வரைக்கும்.”

“ஒரு தடவையா, ரெண்டு தடவையா?”

“என்னாது?”

“பாட்டு.”

“நடுவுல நின்னு திரும்பப் பாடுச்சு. ரெண்டாவது தடவ பாடறப்பத்தான் அடங்கிச்சு.”

கண்ணாயிரம் எழுந்து வெளியே போனார்.

ஜீப்புகள் வந்தன. பிரிசில்லாவின் வண்டியையும் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். செந்தமிழ்செல்வன் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கினான்.

“கன்னு எங்க மேடம்?”

பார்த்தான். “ச்சே” என்றான். உண்மையாகவே வருத்தப்பட்டான். அது முகத்தில் தெரிந்தது. பிறகு அந்த முகம் மாறியது. “தாய் பொழச்சிருச்சில்ல? அது போதும். பாட்டிம்மா, மாட்டுப் பக்கத்துல வந்து நில்லுங்க. டேய், சாக்கு எதுனா போட்டு அத மூடுங்கடா, ஃப்ரேம்ல வருது.”

ரத்தினம்மாளுக்குப் பாட்டி வயதில்லை. வீடு தேடி வந்தவர்கள் சொன்னதால் எழுந்து போய் நின்றாள். நிற்பதற்கு முன்னால் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பிரிசில்லாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

அருள்முருகன் அவளுக்குக் கைகொடுக்க வந்தான். நீட்டிய கை பாதியில் நின்றது. அவளுடைய கை தோள்வரை ரத்தமும் கோழையுமாக இருந்தது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான்.

“கெளம்புங்க சார் எல்லாரும்” என்றார் கண்ணாயிரம். “மாட்டுக்குக் காத்து வரணும்.”

சாயங்காலமே வீடியோ வந்துவிட்டது. ‘கர்ப்பிணிப் பசுவைக் காப்பாற்றிய முதலைகள்.’ மேலிருந்து பார்க்க வயல்கள் அழகாக இருந்தன. வண்டி குழியில் விழுந்தது. பக்கத்தில் ஒரு பெண் கைகளை ஆட்டிக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக, பாட்டுக்கு ஏற்றபடி ஓடினாள். கடைசியில் மாட்டோடு ரத்தினம்மாள். ஓரத்தில் சாக்கின் ஒரு மூலை.

அம்மா தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள். “நீ எதுக்குடி இப்புடி ஆடிக்கிட்டு ஓடுற?”

அப்போதுதான் அவளுக்குக் குமட்டியது. பின்கட்டுக்குப் போய்க் குனிந்து நின்றாள். ஒன்றும் வரவில்லை. வாயில் அந்தப் பிரியாணியின் ருசி வந்ததுபோல் இருந்தது. அதைச் சாப்பிட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

குழுவில் எழுதினாள். ‘கன்று செத்துவிட்டது. இழுத்தெடுத்த வண்டியை வீடியோவுக்காக மறுபடி குழியில் இறக்கினீர்கள். அந்த நேரத்தில் செத்தது.’ கும்பிடும் கைகள் வந்தன. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்றார் ஒருவர். ‘மேடம் எமோஷனல் ஆவுறாங்க’ என்றார் இன்னொருவர். ‘இன்னிக்கி வண்டிய இழுத்தது யாரு?’ அதற்குக் கீழே கைதட்டல்கள். பிறகு யாரோ புது டயரின் படத்தைப் போட்டார்கள். எல்லோரும் டயரைப் பற்றிப் பேசினார்கள்.

வேறு ஒன்றுமே கேட்க மாட்டோம் என்று செந்தமிழ்செல்வன் சொன்னது சரிதான். மாடு அதன் பிறகு எழுந்ததா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. அது எழுந்தது. அடுத்த சினை தங்குமா என்று சொல்ல முடியாது.

குழுவிலிருந்து விலகினாள். முதலை ஸ்டிக்கரை பிளேடால் சுரண்டினாள். முதலை போய்விட்டது. பசை போகவில்லை. பசையில் தூசி ஒட்டி, கொஞ்ச நாளில் கண்ணாடியில் அழுக்கால் ஆன முதலை ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றது. எதிரே வந்த ஜீப்புகள் வழக்கம்போல் விளக்கைச் சிமிட்டின. விரல்கள் உயர்ந்தன. அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் பழக்கத்தில் கண்ணாயிரத்தின் கை எழும்பியது. பாதியில் காதைச் சொறிந்துகொண்டார்.

தை மாதத்தில் ஒரு காலை, கிள்ளைச் சாலையில் வளைவைக் கடந்ததும், தூரத்தில் இடுப்பு உயர டயரோடு ஒரு ஜீப் தெரிந்தது. பானட் திறந்திருந்தது.

“போயிருங்க மேடம்” என்றார் கண்ணாயிரம். “பாக்காத மாதிரி போயிருங்க.”

அவளும் போகத்தான் நினைத்தாள். கால் பிரேக்குக்குப் போனது. வண்டி நின்றுபோன ஒருவனைத் தாண்டிப் போவது அவளுக்கு வரவில்லை. மாட்டுக்காரன் யாராக இருந்தாலும் மாட்டைப் பார்க்கிற பழக்கம்.

செந்தமிழ்செல்வன் ஓடிவந்தான். “மேடம்! பாத்தீங்களா, குரூப்பவிட்டுப் போனாலும் குடும்பம் குடும்பந்தான். பேட்டரி அவுட்டு. சிதம்பரத்துலேர்ந்து ஆளு வர்றேன்னான், இன்னும் காணும்.”

அவள் சீட்டுக்குப் பின்னால் கையைவிட்டு, பேட்டரிக்குப் பேட்டரி மின்சாரம் கொடுக்கும் ஒயர்ச் சுருளை எடுத்தாள். கதவைத் திறந்தாள்.

“ஒரு நிமிஷம் மேடம்.” அவன் பையிலிருந்து போனை எடுத்தான். “எறங்கிடாதீங்க. கொஞ்சம் பின்னால போயி, அந்த வளைவுலேர்ந்து வாங்களேன். நீங்க வந்து நிறுத்துறத எடுத்துக்கறேன்.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஷேவ் செய்த, சுத்தமான, சந்தோஷமான முகம். வீடியோவில் பார்த்த வானத்தைப்போல. நாக்கடியில் நீர் ஊறியது. விழுங்கிக்கொண்டாள்.

ஒயரைச் சீட்டுக்குப் பின்னால் போட்டாள். கதவைச் சாத்தினாள். பின்கியரைப் போட்டாள்.

“இன்னும் கொஞ்சம் மேடம்” என்று அவன் கையசைத்தான். “இன்னும்... இன்னும் கொஞ்சம்... வாங்க வாங்க...”

வளைவுக்கு முன்னால் மதகை ஒட்டி இடம் இருந்தது. அங்கே வண்டியை வந்த வழியே திருப்பினாள்.

கண்ணாயிரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். “பரங்கிப்பேட்ட வழியா போனா ரொம்ப சுத்துங்களே.”

“சுத்தட்டும்.”

அவர் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.

“இன்னும் போனத் தூக்கிப் புடிச்சிக்கினுதான் நிக்கிறான்” என்றார்.